சட்டைக்குழி

ஜன்னலோரம் நான் உக்காந்துக்கிடட்டுமா மக்ளே? பஸ்ல எனக்கு வாந்தி வரும். வாந்தின்னா நெசமா வராது, வருத மாதிரி இருக்கும். காத்து மொகத்துல பட்டா சரியாப் போயிரும். நீ கைப்புள்ளைய வச்சிருக்க, சாரல் அடிச்சா புள்ளைக்கு ஆகாது. இந்தப் பக்கம் தள்ளி உக்காரு. ஆங், அப்படி. பையக் காலுக்கு அடியில தள்ளிக்கோ, இல்லன்னா கண்டக்டர் மிதிச்சிட்டுப் போவான்.

பொட்டப்புள்ளையா? மொகத்தப் பாத்தாலே தெரியுது. பேரு வச்சாச்சா? இன்னும் வைக்கலையா? உங்க ஆள்கள்ல நாள் பாத்துத்தான் வைப்பாவ போல. எங்கள்ல அப்படி விட மாட்டாவ. நாங்க வேதக்காரங்க. புள்ள பொறந்துட்டா சட்டுனு கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயி, தலையில தண்ணி ஊத்தி, பேரு வச்சிரணும். ஞானஸ்நானம்னு சொல்லுவோம். அது குடுக்காம ஒரு புள்ள செத்துப் போச்சுன்னு வையி, கல்லறைத் தோட்டத்துக்குள்ள எடம் கெடையாது. உள்ள இருக்கது மந்திரிச்ச மண்ணு. பேரில்லாத புள்ளையள சுவருக்கு வெளியதான் பொதைப்பாவ, சிலுவை கூட வைக்க மாட்டாவ. அது அந்தக் காலத்துச் சட்டம். இப்ப உள்ள சாமியாருவ அதெல்லாம் பாக்கதில்லன்னு சொல்லுதாவ. இப்பச் சொல்லி என்ன செய்ய?

பூ வாசமா? சம்பங்கி மாலை. மெழுகுவர்த்தி, பத்தி எல்லாம் இருக்கு பையில. இன்னைக்கு எங்களுக்குக் கல்லறைத் திருநாள். செத்தவங்களுக்கு உள்ள நாளுன்னு வச்சிக்கோயேன். கல்லறையக் கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, பூ வச்சு, பொழுது சாயவும் மெழுகுவர்த்தி ஏத்துவோம். சாமியார் ஒவ்வொரு கல்லறையா வந்து தண்ணி தெளிச்சு மந்திரிப்பாவ. எங்க வீட்டுக்காரவ கல்லறை புதுக் காலனியில இருக்கு. கறுப்புக் கல்லுல பேரு வெட்டிப் போட்டிருக்கேன், கஸ்பார்னு. காலனியில அதுமாதிரி கல்லு வேற யாருக்கும் கெடையாது.

புதுக் காலனி, கோயில் விலக்குக்கு அடுத்த ஸ்டாப்பு. கண்டக்டர் கத்துவான் பாரு, "சந்தியாகப்பர் கோயில் விலக்கு எறங்கு"ன்னு. கோயில் எங்கன்னு கேட்டுராத. கோயில் கெடையாது. ஊரும் கெடையாது. பஸ்காரனுக்கு மட்டுந்தான் இன்னும் அங்க கோயில் இருக்கு.

புன்னைத்துறைன்னு ஊரு. கேள்விப்பட்டிருக்க மாட்ட. முன்னெல்லாம் பாதை பிரியுத அந்த விலக்குல எறங்கி ஊருக்குள்ள நடந்து போறதுக்குள்ள ஒரு செபமாலை சொல்லி முடிச்சிரலாம், அம்புட்டு தூரம். இப்ப எறங்குன ஒடனே கடலு. அந்தக் கோயில் அரமனைக்காரன் கட்டுன கோயில் இல்ல மக்ளே. சுறாத் தூவி இருக்குல்லா, ரெக்கை, அதுக்கு எப்பவும் நல்ல வெல. எவன் வள்ளத்துல சுறா பட்டாலும் தூவிய வெட்டிக் கோயிலுக்குக் குடுத்திரணும். வீட்டுல அடுப்பு எரியலைன்னாலும் தூவி கோயிலுக்குத்தான். அப்படித் தூவி வித்து வித்துக் கட்டுன கோயில். எங்க மாமனாருக்கு அப்பா காலத்துல கல்லு வச்சாவளாம், எங்க மாமனார் கல்யாணத்துக்குத்தான் கோபுரம் முடிஞ்சுதாம். கடல்ல நிக்கவங்களுக்கு அந்தக் கோபுரந்தான் அடையாளம். கோபுரமும் அதுக்குப் பின்னால நிக்க ஒத்தப் பனையும் ஒண்ணாத் தெரிஞ்சா, நேரா வந்தா நம்ம கரை.

வடக்கூர்ல தூண்டில் வளைவு கட்டுனாவ. கல்லக் கொண்டாந்து கடலுக்குள்ள வளைச்சுப் போடுததுதான், அலையத் தடுக்க. அவங்களுக்குக் கரை வளந்துது, எங்களுக்குக் கரை போச்சு. எங்களுக்கும் ஒண்ணு போட்டுத் தாங்கன்னு இந்த ரோட்டுலதான் மறியல் பண்ணுனோம். போடுதோம் போடுதோம்னாவ. போட்டாவ, கோயில் போன பெறகு. மொதல்ல தென்னை மரங்க போச்சு. அப்புறம் பயலுவ பந்து வெளையாடுத மணலு. அப்புறம் கொடிமரம், மாதா செல நின்ன கெபி. ஒவ்வொரு கச்சான் காத்துலயும், ஆனி ஆடியில கடல் பொங்குமே, அப்ப ஒண்ணு ஒண்ணா உருவிக்கிட்டுப் போச்சு.

கடைசிப் பூசையில நாங்க முழங்கால் போட்டிருக்கோம், தண்ணி உள்ள வந்து பொம்பளைய சேலையெல்லாம் நனைக்கு. ஒருத்தி எந்திரிக்கணுமே? சாமியார் அப்பத்த கையில வச்சிக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுதாவ. பூசை முடிஞ்சு சந்தியாகப்பர் சுரூபத்த, செலையத்தான் சொல்லுதேன், தூக்கிக்கிட்டு வெளிய வந்தாவ. அப்பவும் சண்டை மக்ளே! கடலப் பாக்க வச்சுத் தூக்கணும்னு ஒரு கூட்டம், ரோட்டப் பாக்க வச்சுத் தூக்கணும்னு ஒரு கூட்டம். காலங்காலமா கடலப் பாத்து நின்ன அப்போஸ்தலரு, மொகத்தத் திருப்புனா வள்ளத்துக்காரனுக்கு யாரு காவல்னு கெழடுவ கேக்காவ. கடைசியில கடலப் பாக்க வச்சு, தூக்குனவங்க பின்னுக்குப் பின்னா நடந்தே ரோட்டு வரைக்கும் வந்தாவ. தட்டுத் தடுமாறி, ஒருத்தர் கால ஒருத்தர் மிதிச்சு. எனக்குச் சிரிப்பும் வருது அழுகையும் வருது.

கோபுரம் விழுந்தது ஒரு மத்தியானம். எல்லாரும் சோத்துல கைய வச்ச நேரம். அன்னைக்குக் கடலுக்குப் போனவங்க திரும்பி வரும்போது பனை நிக்கு, கோபுரம் இல்ல. நம்ம கரை எதுன்னு தெரியாம வடக்கூர்ல போயி ஏறி, அங்கன மணல்ல உக்காந்து அழுதாவளாம்.

சரி, கோயில் போனா கட்டிக்கிடலாம். எங்களக் குடி வச்ச காலனியில கட்டியும் ஆச்சு. தகரக் கூரையில ஆரம்பிச்சு இப்பக் கோபுரமே வந்துட்டு. நான் சொல்ல வந்தது அது இல்ல. கோயிலுக்கு மேக்க இருந்துது கல்லறைத் தோட்டம். என் நெஞ்சு இன்னைக்கும் வேகுதது அதுக்குத்தான்.

எங்க வீட்டுக்காரவ கடல்லதான் போனாவ. வள்ளம் வந்துது, ஆள் வரல. தேடாத எடம் இல்ல. எங்க ஊருல அப்படி ஒடம்பு கெடைக்காம போறவங்களுக்குச் சட்டைக்குழின்னு ஒண்ணு உண்டு. அவங்க உடுத்துன சட்டையும் செபமாலையும் ஒரு ஓலைப்பெட்டியில வச்சு, ஆளுக்கு வெட்டுத மாதிரியே முழுக் குழி வெட்டி, சாமியார் வந்து மந்திரிச்சு மூடுவாவ. மண்ணு அள்ளிப் போடுததும் உண்டு, ஒப்பாரியும் உண்டு. பொண்டாட்டி புள்ளைக்கு அழுததுக்கு ஒரு எடம் வேணும்லா? கடல் முழுசையும் பாத்து எங்கன்னு அழுவ? அவியளுக்கு நான் வச்சது நீலக் கட்டம் போட்ட சட்டை. கல்யாணம் ஆகி நான் எடுத்துக் குடுத்த மொதச் சட்டை. கழுத்துப் பக்கம் நைஞ்சு போயிருந்தாலும் அதத்தான் போடுவாவ.

எங்களுக்கு ஒரே புள்ள, பிலோமி. அப்பத்தான் பன்னண்டாவது முடிச்சிருந்தா. அப்பன்னா உசிரு. அவிய போன பெறகு வீடு ஓடணும்லா. எறா உரிக்கதுக்குக் குஜராத்துக்கு ஆள் எடுத்தாவ. எங்க பக்கத்துப் பொம்பளைய கூட்டங் கூட்டமாப் போவாவ. கச்சான் முடிஞ்சு போனா ஈஸ்டருக்குத்தான் திரும்பலாம். வயசுக்கு வந்த குமர விட்டுட்டுப் போறோமேன்னு எனக்கு அடிச்சிக்கிட்டுது. எங்க வீட்டுக்காரவ தங்கச்சி ஞானப்பூ இருந்தா, என் நாத்துனா. புள்ள குட்டி இல்லாதவ, பக்கத்து வீடுதான். அவகிட்ட ஒப்படைச்சிட்டுப் போனேன். செத்தவளக் கொற சொல்லக் கூடாது. ஆனா சொல்லுதேன். ஒழுங்காப் பாக்கல மக்ளே. ஒழுங்காப் பாக்கல.

நான் ஈஸ்டருக்கு வந்து பாக்கேன், புள்ள எலும்பும் தோலுமா கெடக்கா. கண்ணு குழிஞ்சு, மொகத்துல சொட்டு ரத்தம் இல்ல. மஞ்சக்காமாலைன்னா ஞானப்பூ. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன், இப்பத்தான் தேறுதா மைனின்னா. எனக்கு வந்த ஆத்திரம்! எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதாட்டின்னு வஞ்சேன். நீ பதறிருவன்னுதான் மைனின்னு அழுதா. பிலோமி ஒடம்பெல்லாம் மல்லியப்பூ வாசம். என்னட்டின்னு பாத்தா மாருல பூவ வச்சு இறுக்கிக் கட்டியிருக்கா. சூட்டுக்குன்னா ஞானப்பூ. காமாலைக்கு யாராவது மாருல மல்லியப்பூ வச்சுக் கட்டுவாவளா? அவ வைத்தியம் எல்லாமே இப்படித்தான், ஒண்ணுக்கொண்ணு சேராது.

ஏன் மக்ளே அப்படிப் பாக்க? ஞானப்பூ சொன்னத நான் சொல்லுதேன். நீ புள்ளையப் பாரு, தலை தொங்குது.

அது மட்டுமில்ல. என் சேலை ஒண்ணு, ஊதாவுல மாங்கா கரை போட்டது, நூல்சேலை, துவைக்கத் துவைக்க மெத்துன்னு வரும். வந்து பாத்தா பாதிதான் கொடியில கெடக்கு. நேராக் கிழிச்சிருக்கு. மீதி எங்கட்டின்னு பிலோமிகிட்டக் கேட்டேன். ஞானப்பூதான் ஓடி வந்து, அடுப்புத் துணிக்கு நாந்தான் கிழிச்சேன் மைனின்னா. உடுத்துத சேலைய எவளாவது அடுப்புத் துணிக்குக் கிழிப்பாளா? அன்னையில இருந்து ரொம்ப நாளு அவகிட்ட நான் பேசல.

அதுக்கு அப்புறம் பிலோமி ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா வீட்டுக்கு வர மாட்டா. நேரா அப்பா குழிக்குத்தான். அங்கன உக்காந்துக்கிட்டு, வாய்க்குள்ள என்னமோ ராகம் போட்டுக்கிட்டு, மண்ணத் தட்டிக்கிட்டே இருப்பா. இந்தா நீ இப்பப் புள்ளை முதுகுல தட்டுதல்லா, இப்படி. ஊருல எல்லாரும் சொல்லுவாவ, செத்த அப்பன்மேல இப்படிப் பாசம் வச்ச மவள நாங்க கண்டதில்லன்னு. எனக்கு அம்புட்டுப் பெருமையா இருக்கும். நானே நாலு பேருகிட்டச் சொல்லுவேன்.

அப்புறம் நர்ஸ் படிக்க மதுரைக்குப் போயி, அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில வேலையும் கெடைச்சுது. பிரசவ வார்டு. பொறந்த புள்ளையளக் குளிப்பாட்டித் துணி சுத்திக் குடுக்க வேலை. மாப்பிள்ளை எத்தனையோ வந்துது. வேண்டாம்னுட்டா. ஏன்ட்டின்னா சொல்ல மாட்டா. அப்பன் இல்லாத புள்ள, நான் அதட்டவும் மனசு வராது. ஆனா லீவுக்கு வருவா. வந்தா எனக்குத் தலை வாரி விடுவா, எங் கால அமுக்கி விடுவா. இப்ப நெனைச்சாலும் அவ கை சூடு என் கால்ல இருக்கு.

கோபுரம் விழுந்த மறு வருசம் கடல் கல்லறைச் சுவரத் தொட்டுட்டு. இனி தாங்காது, செத்தவங்களத் தோண்டி எடுத்து காலனிக்குக் கொண்டு போயிருவோம்னு ஊருல முடிவு பண்ணுனாவ. ஆனா கமிட்டிக்காரங்க என்ன சொன்னாவ தெரியுமா? எலும்பு உள்ள குழி மட்டுந்தானாம். சட்டைக்குழியில என்ன இருக்கு, ஒரு சட்டை, அதுக்கு ஒரு ஆள் எடம் குடுக்க முடியாதாம். சட்டைக்குழி உள்ள மத்தப் பொம்பளைய எல்லாம் சரின்னு போயிட்டாவ. நான் போகல. சாமியார் வீட்டு வாசல்ல போயி உக்காந்துட்டேன். பச்சத் தண்ணி பல்லுல படல. "எம் புருஷன ஒரு தடவ கடல் கொண்டு போனது போதும் சாமி. ரெண்டாம் தடவையும் குடுக்க மாட்டேன்"னேன். சாமியார் எம்புட்டோ சொல்லிப் பாத்தாவ. கடைசியில, "சரி சலேத்தம்மா, ஒங்க வீட்டுக்காரர் குழியும் தோண்டுவோம்"னாவ. ஊரே மூக்குல வெரல வச்சுது. ஒத்தப் பொம்பள, செயிச்சிட்டேன்.

வெளியாளு என்ன சொன்னாலும் தாங்கிக்கிடலாம் மக்ளே. வீட்டுக்குள்ளயே எதுத்தாவ. ஞானப்பூ அப்பவே சீக்குல கெடக்கா. ஆள் விட்டுக் கூப்பிட்டு, எங் கையப் பிடிச்சிக்கிட்டு, "தோண்டாத மைனி, ஒன்னக் கும்பிடுதேன், தோண்டாத"ன்னு அழுதா. எனக்கு எப்படி இருக்கும்? "ஒங்க அண்ணனுக்கு ஒரு எடம் கெடைக்கது ஒனக்குப் பொறுக்கலையா? நாளைக்கு ஒனக்கு மட்டும் காலனியில எடம் வேணுமா?"ன்னு கேட்டேன். சுவரப் பாத்துத் திரும்பிக்கிட்டா.

பிலோமி லீவு போட்டுட்டு ஓடி வந்தா. வந்தவ சோறு திங்கல. "அம்மா, வேண்டாம்மா. அப்பா கடல்லதானம்மா இருக்காவ. குழியையும் கடல் வந்து எடுத்துக்கிடட்டும். எல்லாம் அப்பாகிட்டப் போயிச் சேந்துரும்"னா.

"எல்லாம்னா என்னட்டி எல்லாம்? உள்ள ஒரு சட்டையும் ஒரு செபமாலையுந்தான கெடக்கு"ன்னேன்.

அவ என் மடியில மொகத்தப் பொதைச்சிக்கிட்டா. சின்னப் புள்ளையில படுப்பா அப்படி. நானும் அப்பன நெனச்சு அழுதான்னு தலையத் தடவிக் குடுத்துட்டு, காலையில போட்டுக்கிட ரெண்டு பேருக்கும் வெள்ளச் சேலை எடுத்து வச்சேன்.

மறுநாள் காலையில ஊரு மொத்தமும் கல்லறைத் தோட்டத்துல நிக்கு. ஒவ்வொரு வீட்டுக்காரங்களும் புதுப் பானையும் வெள்ளத் துணியும் கொண்டு வந்திருக்காவ. எலும்ப எடுத்து, எளனித் தண்ணியில கழுவி, துணியில பொதிஞ்சு பானையில வைக்கணும். அழுகைச் சத்தம் அலைச் சத்தத்துக்கு மேல கேக்கு. எங்க குழி கடைசி. வேதமுத்துதான் வெட்டுனான், கல்லறை வெட்டுதவன், எனக்குத் தம்பி மொறை. மண்வெட்டிய நாலு போடு போட்டிருப்பான், நின்னுட்டான். குனிஞ்சு கையால மண்ண ஒதுக்குதான். அப்புறம் நிமிந்து, "அக்கா, நீ கொஞ்சம் அந்தால போயி நில்லேன்"னான்.

"நான் ஏன்டா போகணும்? எம் புருஷன் குழி"ன்னேன்.

ஓலைப்பெட்டி இன்னும் கீழ கெடக்கு. அதுக்கு மேல, நெஞ்சுக்கு நேரா, ஒரு துணிப் பொட்டணம். அவன் வெளிய எடுத்து வைக்கவும் துணி பிரிஞ்சுட்டு. உள்ள சின்னச் சின்ன எலும்பு. கோழிக்குஞ்சு எலும்பு மாதிரி. கூட ஒரு கறுப்பு வளவி. இந்தா ஒம் புள்ள கையில கெடக்குல்லா, இதே மாதிரிதான், இம்புட்டுக்காணு. துணி மக்கிப் போயிக் கெடக்கு. கரை மட்டும் மக்கல. மாங்கா கரை.

அந்தக் கரை போட்ட சேலை ஊருல எம்புட்டோ பேருகிட்ட இருக்கும் மக்ளே. ஜவுளிக்காரன் சைக்கிள்ல கொண்டு வந்து வீடு வீடாக் குடுத்ததுதான. இல்லன்னா எவளாவது எங் கொடியில கெடந்தத களவாண்டிருப்பா.

சாமியார், "இது யாருக்குள்ளதுன்னு யாருக்காவது தெரியுமா?"ன்னு கேட்டாவ. எனக்குத் தலைக்கு ஏறிட்டு. ஊரோட சண்டை போட்டு வாங்குன குழி, அதுல போயி இப்படி. நான் கத்துதேன்: "எந்த நாறமுண்ட பெத்துப் போட்டது இது? எம் புருஷன் நெஞ்சுமேல கொண்டு வைக்க இதென்ன குப்பைமேடா? தூக்கி வெளிய எறிடா!" இன்னும் என்னெல்லாமோ சொன்னேன். அதெல்லாம் ஒங்கிட்டச் சொல்ல மாட்டேன், கையில புள்ளைய வச்சிருக்க.

வேதமுத்து அசையல. பிலோமி மொகத்தப் பாத்தான். அவ மொகத்த எதுக்கு அவன் பாக்கணும்? அவ எம் பக்கத்துல பானைய வச்சிக்கிட்டு நிக்கா. பானையக் கீழ வச்சிட்டு ரெண்டு கையையும் நீட்டுனா. "எங்கிட்டக் குடுங்க மாமா"ன்னா. நர்ஸுல்லா, அருவருப்பு கெடையாது. நாலு பேரு பாக்க நம்ம வீட்டுப் பொண்ணு அதத் தொடுததான்னு நான் கையத் தட்டி விட்டேன். அவ என்னப் பாத்து, ரொம்பச் சன்னமா, "அப்பா பானையிலயே ஒரு ஓரமா வச்சிருவோம்மா. அப்பாகூட இருக்கட்டும்மா"ன்னா. எம்புட்டு எளகுன மனசு பாரு. ஊரான் வீட்டுப் புள்ளைக்கு.

நான் கேக்கல. வேதமுத்து அதப் பொதிஞ்சு எடுத்துட்டுப் போயி, சுவருக்கு வெளிய, கடல் பக்கம் கொண்டு பொதைச்சான். அந்த மாதிரிப் புள்ளையள அங்கனதான பொதைக்கது. நான் சட்டையும் செபமாலையும் பானையில வச்சு, தலையில தூக்கிட்டுப் பவனியோட காலனிக்கு நடந்தேன். சட்டையில பித்தான் மட்டுந்தான் இருந்துது. போதும்லா? பித்தானாவது இருந்துதே.

பிலோமி பவனிக்கு வரல. திரும்பிப் பாக்கேன், சுவருக்கு வெளிய உக்காந்திருக்கா, வெள்ளச் சேலையோட. மண்ணத் தட்டிக்கிட்டு இருக்கா. அப்பாவத்தான் எந் தலையில தூக்கிட்டுப் போறேனே, அங்கன எதுக்குட்டி இன்னும் தட்டுதன்னு எனக்கு எரிச்சலா வந்துது. கூப்பிட்டேன். காத்துல கேட்டிருக்காது.

அன்னைக்குச் சாயங்காலமே பை எடுத்துட்டு மதுரைக்குப் போயிட்டா. எங்கிட்டச் சொல்லிக்கிடல. அப்புறம் வீட்டுக்கு வரவே இல்ல மக்ளே. போன் பண்ணுனா எடுக்க மாட்டா. மதுரைக்கே ஒரு தடவ போனேன். டூட்டியில இருக்கான்னாவ. வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன், ஆஸ்பத்திரி வெளக்கு போடுத வரைக்கும். வரல. நான் என்ன பாவம் செஞ்சேன்? அவ அப்பனுக்கு ஒரு எடம் வேணும்னு கேட்டேன். அது பாவமா? நீயே சொல்லு.

அந்தக் கச்சான்லயே சுவரு போச்சு. சுவருக்கு வெளிய உள்ளதும் போச்சு. எல்லாம் கடலு.

ஞானப்பூ சாகக் கெடக்கும்போது, "மைனி, ஒனக்கு ஒண்ணு சொல்லணும், சொல்லாம எனக்கு உசிரு போகாது"ன்னா. "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்"னேன். சொன்னா சொன்னதுதான, திரும்பி எடுக்க முடியுமா? ஒரு மடக்குத் தண்ணி ஊத்தி, "ஒறங்குட்டி"ன்னு வாயத் தொடச்சு விட்டேன். ஊருல ஒவ்வொருத்தி ஒவ்வொண்ணு பேசுதா. நான் எதையும் காதுல வாங்குததில்ல. வாங்குனா அப்புறம் நான் எங்க போயி நிக்க?

பூவு காலனியில கெடைக்காதான்னு நீ கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கெடைக்கும். கோயில் வாசல்லயே கட்டி வச்சு விக்காவ. நான்தான் கல்லறைத் திருநாளுக்குன்னா டவுன் வரைக்கும் போயி வாங்கிட்டு, பொழுது சாயும்போது இந்த பஸ்ஸப் பிடிப்பேன். ஜன்னலோரம் எடம் கேட்டு உக்காருவேன். வாந்தியெல்லாம் ஒண்ணும் இல்ல மக்ளே. பிலோமி இன்னைக்கு வருவா. வருசா வருசம் மதுரையில இருந்து வந்து கோயில் விலக்குல எறங்குவா. வீட்டுக்கு வர மாட்டா. கடலோரம் நின்னுட்டு, வந்த மாதிரியே அடுத்த பஸ்ல போயிருவா. விலக்குல பஸ் கொஞ்ச நேரம் நிக்கும்லா. அந்த நேரம்தான் எனக்கு எம் புள்ள.

கண்டக்டர் கத்துதான் பாரு. கோயில் விலக்கு. கொஞ்சம் குனிஞ்சுக்கோ. அந்தா, அந்தா நிக்கா. கறுப்புக் குடை. தெரியுதா? மெலிஞ்சிருக்காளா? எனக்குப் பொழுது சாஞ்சா கண்ணு மங்கல், நீ பாத்துச் சொல்லு. சிரட்டைக்குள்ள மெழுகுவர்த்தி ஏத்தி மண்ணுல வச்சிருப்பா, காத்துக்கு அணையாம. எத்தன வெளிச்சம்? ரெண்டா?

ரெண்டுதான். போன வருசமும் ரெண்டு. ஒண்ணு அவ அப்பனுக்கு. இன்னொண்ணு யாருக்குன்னு நீ கேக்காத மக்ளே. நானும் கேட்டதில்ல.

எறங்கலையான்னா கேக்க? டிக்கெட் காலனிக்குல்லா எடுத்திருக்கேன். எறங்கி என்ன சொல்ல? அவ "ஏன் வந்த"ன்னு கேட்டா நான் என்ன சொல்ல? பஸ்ஸ எடுத்துட்டான். திரும்பிப் பாத்தாளா? பாத்துச் சொல்லு. பாக்கலையா? சரி. கடலப் பாத்துல்லா நிக்கா, பஸ் சத்தம் கேட்டிருக்காது.

புள்ள நெளியுது பாரு, குளிருது போல. வாடைக் காத்து ஆகாது. பொறு, எம் பையில அடியில துணி இருக்கு. மாலைய இப்படிப் பிடி. இந்தா, இதப் போத்து. துவைச்சதுதான். ஒவ்வொரு வருசமும் பையில வச்சு எடுத்துட்டு வாறேன், என்னைக்காவது எறங்குனா அவ கையில குடுக்கலாமேன்னு. எறங்குததே இல்ல. கழுத்து வரைக்கும் இழுத்து விடு. நூல்சேலை, எம்புட்டு மெத்துன்னு இருக்கு பாரு. ஊதா வெளுத்துப் போச்சு, கரை மட்டும் அப்படியே இருக்கு. நீ ஏன் மக்ளே அழுத? நீயே வச்சிக்கோ, திருப்பித் தர வேண்டாம்.

பாதிதான் இருக்கு. மறுபாதி நான் குஜராத்துல இருக்கும்போது போயிட்டு. நான் ஊருல இருந்திருந்தா கிழிக்க விட்டிருக்க மாட்டேன் மக்ளே. முழுச் சேலையையும் குடுத்திருப்பேன்.